உப்பும் கப்பலும் வட்டியும்

காரைக்குடியிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஆறு மைல் போனால் குன்றக்குடி. செம்மண் பூமியின் நடுவே ஒரு சிறு குன்று. மயில்தான் மலையாகி நிற்கிறது என்பது தலபுராணம். உச்சியில் சண்முகநாதப் பெருமான். அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில்கள். தை மாதம் பிறந்தால் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நகரத்தார் காவடிகள் இங்கே வந்து கூடும். கூடிப் பழநிக்கு நடந்தே புறப்படும்.

ஆனால் இங்கே நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சட்டம். ஒரு தொழிலை ஒருவரே வளைத்துக்கொள்ளக் கூடாது, விற்கிறவர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றக் கூடாது என்று சொல்லும் சட்டம். அமெரிக்காவில் 1890-லும் நம் நாட்டில் 1969-லும் பிறந்தது. "அதற்கும் குன்றக்குடிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீரே!" என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். அந்த முடிச்சு உப்பில் இருக்கிறது.

நகரத்தாரின் பழநி யாத்திரைக்கு ஒரு வியாபாரக் கதை உண்டு. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் குமரப்பன் என்ற செட்டியார் உப்பு ஏற்றிக்கொண்டு பழநிக்குப் போய் விற்றார்; விற்ற ஆதாயத்தில் முருகனுக்கென்று ஒரு பங்கை 'மகமை'யாக எடுத்து வைத்தார்; அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த யாத்திரை என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நான் கதை எழுதுகிறவன். கதைகளில் சொல்லப்படாமல் விடப்பட்ட சங்கதிகளின் மேல்தான் என் கண் போகும். இந்தக் கதையில் குமரப்பன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கீழைக் கடற்கரையில் உப்பு விளைந்தது. மேற்கே மலையடிவாரத்தில் உப்புக்குத் தேவை இருந்தது. இடையிலே வழி இருந்தது. மாடும் மனத்துணிவும் உள்ளவன் போகலாம். அவனுக்கு முன்னே இன்னொருவன் போயிருந்தால், சற்றுக் குறைந்த விலையில் இவன் விற்கலாம். அவ்வளவுதான் வியாபாரம்.

அந்த வழி எப்போது அடைபட்டது என்று பார்ப்போம். குன்றக்குடிக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவர்களில் மருது சகோதரர்கள் முக்கியமானவர்கள். கோயிலில் அவர்களுடைய சிலைகளும் உண்டு. 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, இங்கிருந்து அதிக தூரமில்லாத திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஒரு வியாபாரக் கம்பெனி ஒரு சீமையின் தலைவர்களைத் தூக்கிலிட முடிந்தது என்பதே ஏகபோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் போதிய உதாரணம். அடுத்த நான்கே ஆண்டுகளில், 1805-ல், சென்னை ராஜதானி முழுவதிலும் உப்பு கம்பெனிச் சர்க்காரின் ஏகபோகம் ஆயிற்று. உப்பளத்தில் பாடுபட்டவன் விளைந்ததையெல்லாம் கம்பெனிக்கே அளக்க வேண்டும். கொடுக்கிற விலையும் கம்பெனி வைத்தது. விற்கிற விலையும் கம்பெனி வைத்தது. குமரப்பனின் வம்சத்தார் இப்போது உப்பு ஏற்ற வேண்டுமானால் கம்பெனியின் பண்டகசாலை வாசலில் போய் நிற்க வேண்டும்.

இதனால் வந்த நஷ்டம் என்ன? "விலை ஏறிற்று, ஜனங்களின் பணம் கம்பெனிக்குப் போயிற்று" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதிக் கணக்குத்தான். கூடுதல் விலை கொடுத்து உப்பு வாங்கினவனின் பணம் இவன் மடியிலிருந்து அவன் பெட்டிக்குப் போயிற்று. அநியாயமானாலும் பணம் எங்கோ இருக்கிறது. ஆனால் அந்த விலை கொடுக்க முடியாமல் கஞ்சியில் பாதி உப்பைக் குறைத்துக்கொண்டாளே ஓர் ஏழைப் பெண், அவள் இழந்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை. உப்பு விளைந்திருக்கும், வண்டிக்காரனுக்கு ஒரு நடைக் கூலி கிடைத்திருக்கும், அவளுக்கு வாய்க்கு ருசியாக ஒரு வேளைக் கஞ்சி கிடைத்திருக்கும். மூன்றும் நடக்காமல் போயின. எவருடைய பேரேட்டிலும் இந்த நஷ்டம் பதிவாவதில்லை. ஏகபோகத்தைப் பொருளாதார அறிஞர்கள் வெறுப்பதற்கு முதல் காரணம் இந்தப் பதிவாகாத நஷ்டந்தான்.

இங்கிலாந்துக்காரருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் வழங்கியது 1600-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1602-ல், லண்டன் நியாயஸ்தலத்தில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. விளையாட்டுச் சீட்டுக்கட்டு செய்வதற்கும் விற்பதற்கும் தனக்கு மட்டுமே உரிமை என்று ராணியிடம் பட்டயம் பெற்றிருந்தார் அரண்மனை உத்தியோகஸ்தர் எட்வர்ட் டார்ஸி. ஆலன் என்ற கடைக்காரர் அதை மதியாமல் சீட்டுக்கட்டு விற்றார். டார்ஸி வழக்குப் போட்டார்; தோற்றார். பட்டயமே செல்லாது என்று ஆகிவிட்டது. ஏகபோகத்தைத் தொடர்ந்து மூன்று தீங்குகள் வந்தே தீரும் என்று அந்த வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டது. ஒன்று, விலை ஏறும். இரண்டு, சரக்கின் தரம் குறையும். மூன்று, அதே தொழிலைச் செய்து பிழைத்த மற்றவர்களின் ஜீவனம் போகும்.

இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறேன். நானூறு வருஷங்களாக உலகத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றி நடக்கிற வாதங்களெல்லாம், இந்த மூன்றில் எது பெரிது என்ற வாதமே.

1624-ல் ஆங்கிலப் பார்லிமெண்டு பொதுவாகவே ஏகபோகங்கள் செல்லாது என்று சட்டம் செய்தது. ஆனால் அதிலே ஒரு விலக்கு வைத்தார்கள்: வியாபாரக் கம்பெனிகளுக்கு அது பொருந்தாது! ஆக, லண்டனில் சீட்டுக்கட்டுக்கு ஒரு நியாயம்; கீழ்த்திசை வியாபாரத்துக்கு வேறொரு நியாயம். 1813-ல் கம்பெனியின் இந்திய வியாபார ஏகபோகத்தைப் பார்லிமெண்டு ரத்து செய்தபோதுகூட உப்பின் மேல் வைத்த பிடி தளரவில்லை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், 1947-ல் உப்பு வரி ஒழிந்ததும் நாம் அறிந்த வரலாறு.

உப்பில் ஏகபோகம் வந்தது சர்க்காரின் உத்தரவால். விலையும் ஏறியது, ஆகவே தீங்கு கண்ணுக்குத் தெரிந்தது. விலையைக் குறைத்தே ஏகபோகத்தைக் காப்பாற்றுகிற வித்தை ஒன்றும் இருக்கிறது. அதைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பார்க்கலாம்.

1906-ம் வருஷம் அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை கொடிகட்டிப் பறந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களை வைத்து ஓட்டிற்று. வாடகைக்குக் கொடுத்தவர்கள் நெருக்குதலுக்கு ஆளாகிக் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தக் கடலில் நிற்க முடியாது" என்று கண்டு, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை வ.உ.சி. வாங்கி வந்தார்.

வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. அவர்கள் மேலும் குறைத்தார்கள். கடைசியில் பிரயாணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு கையிலே ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போகிற ஓர் ஏழை, காசில்லாமல் கப்பல் ஏறிக் குடையும் வாங்கிக்கொண்டு இறங்குகிறான். அவனுக்கு என்ன தீங்கு? அன்றைய தினம் ஒரு தீங்கும் இல்லை. லாபந்தான். விலை ஒன்றைத்தான் நியாயத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்வதென்றால், அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சிலை வைக்க வேண்டியதுதான்! ஆனால் ஆசியக் கடல்களிலெல்லாம் கப்பல் ஓட்டிச் சம்பாதிக்கிற ஒரு கம்பெனி, ஒரே ஒரு மார்க்கத்தில் நஷ்டப்படுவதை எத்தனை வருஷமானாலும் தாங்கும். இரண்டே கப்பல் வைத்திருப்பவன் தாங்க மாட்டான். அவன் ஒழிந்த மறுநாள் பழைய கட்டணத்தைக் கேட்கலாம், யார் தடுப்பது? இலவசக் குடை என்பது அந்தப் பிரயாணி நாளைக்குக் கொடுக்கப்போகிற கூடுதல் கட்டணத்துக்கு முன்பணம்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. தலைவனை இழந்த கம்பெனி, கட்டணப் போட்டியும் அதிகாரிகளின் பகையும் ஒன்று சேர்ந்து அழுத்த, 1911-ல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை.

அதே 1911-ம் ஆண்டு மே 15-ந் தேதி அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை உடைக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செனட்டர் ஜான் ஷெர்மன் பெயரால் வழங்கும் 1890-ம் வருஷச் சட்டத்தின்படி, அந்த எண்ணெய் சாம்ராஜ்யம் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. அதன் மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று, போட்டிக்காரன் தலையெடுக்கிற ஊரில் மட்டும் விலையை வெட்டி அவனை ஒழித்துக்கட்டுவது. அதாவது தூத்துக்குடியில் நடந்ததே! ஒரே வருஷத்தில், ஒரு நாட்டில் அந்த வித்தையைச் செய்தவனைச் சட்டம் உடைத்தது. இன்னொரு நாட்டில் அதற்குப் பலியானவன் உடைந்தான். நமக்கு அன்று சட்டமும் இல்லை. சட்டம் செய்கிற உரிமையும் இல்லை.

இதுவரை சொன்ன இரண்டு கதைகளிலும் நாம் அடிபட்டவர்கள். அடிபட்டவன் கதை சொல்லும்போது நியாயம் சுலபமாகக் கைக்கு வரும். நம்மவர்கள் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கதையையும் பார்க்காமல் எழுந்து போகலாகாது.

செட்டிநாட்டின் பெரிய வீடுகளை நிமிர்த்தியதில் பர்மாவின் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார்கள். ரங்கூனில் மொகல் தெருவில் அவர்களுடைய கோயில். மாதந்தோறும் அந்தக் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை நிர்ணயம் செய்வார்கள். அதை அடிப்படையாக வைத்தே மற்ற வட்டிகள் ஏறும், இறங்கும்.

ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் கூடி விலை பேசுகிறார்கள்! இது ஷெர்மன் சட்டம் வெறுக்கிற காரியம். அதற்கும் வெகுகாலம் முன்னே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், வியாபாரிகள் சேர்ந்துகொண்டு சரக்கை முடக்கி விலையேற்றினால் ஆயிரம் பணம் அபராதம் என்று விதிக்கிறது. அப்படியானால் அந்தக் கோயில் கூட்டமும் குற்றந்தானா?

சீட்டுக்கட்டு வழக்கின் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். விலை என்ன ஆயிற்று? பர்மாவில் பிறர் வாங்கிய வட்டியைவிடச் செட்டியார்களின் வட்டி பொதுவாகக் குறைவு என்பதை 1929-30-ல் விசாரணை நடத்திய பர்மா வங்கி விசாரணைக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. தரம் என்ன ஆயிற்று? ஓர் ஊரில் எழுதிய உண்டியல் இன்னோர் ஊரில் செல்லும், நாணயத்துக்குக் குறைவில்லை. பேசி முடித்த வட்டி எல்லோருக்கும் தெரிந்த வட்டி, ரகசியம் கிடையாது. ஒரு கூட்டம் கூடிப் பேசியதனாலேயே அது சதி என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் மூன்றாவது கேள்வி இருக்கிறதே, ஜீவனம்? 1930-ல் உலகமெங்கும் மந்தம் வந்தது. நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு. நிலத்தைக் கேட்டு அவர்கள் போகவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள். நிலம் வந்து சேர்ந்தது. அதனுடன் பகையும் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது காடு மலை வழியாக ஓடி வந்தவர்களின் துயரமும், 1948-ல் பர்மா சர்க்கார் நிலங்களைத் தேசீயமயமாக்கச் சட்டம் செய்ததும் இந்தக் கதையின் பின்பகுதி.

அந்த விவசாயியை இன்னொரு பக்கமும் நெருக்கியவர்கள் உண்டு. 1920-களில் பெரிய ஐரோப்பிய அரிசி ஆலைக் கம்பெனிகள் நான்கு சேர்ந்து 'புல்லிங்கர் கூட்டு' என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, நெல்லை என்ன விலைக்கு வாங்குவது என்பதில் ஒன்றுபட்டு நின்றன. விற்கிறவர்கள் கூடினால் விலை ஏறும். வாங்குகிறவர்கள் கூடினால் விலை இறங்கும். இறங்கிய விலையைக் கண்டு பட்டணத்தில் அரிசி வாங்குகிறவன் சந்தோஷப்படலாம். வயலில் நிற்கிறவன் பாடு? "வாங்குகிறவனுக்கு மலிவா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிற சட்டம், இந்த வயலில் நிற்கிறவனைக் கண்ணெடுத்துப் பார்க்காது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுமக்களுக்குக் கேடாக ஒரு சிலரிடம் குவியாதபடி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நமது அரசியல் சாசனத்தின் 39-வது ஷரத்து சொல்கிறது. 1964-ல் நியமிக்கப்பட்ட நீதிபதி கே. சி. தாஸ் குப்தாவின் கமிஷன் மறு வருஷம் அறிக்கை தந்தது. 1969-ல் ஏகபோகத் தடைச் சட்டம் பிறந்தது. சொத்து மதிப்பு 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட குழுமங்கள் தொழிலை விரிப்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்றது. நோக்கம் உயர்ந்த நோக்கம். நடைமுறையில், புதிதாக ஆலை கட்ட நினைத்தவனும் டில்லி வாசலில் காத்துக் கிடந்தான். ஏற்கெனவே லைசென்சு வாங்கியவனுக்குப் போட்டியில்லாமல் போயிற்று. ஏகபோகத்தைத் தடுக்க வந்த காவலே சில இடங்களில் ஏகபோகத்துக்கு வேலியாயிற்று. 1991-ல் அந்த அனுமதி முறையை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதற்கிடையில் காற்றுத் திசை மாறியிருந்தது. பெரிய கம்பெனியின் கையில் சேர்கிற அதிகாரமே ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று நம்பியவர் நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ். 1978-ல் ராபர்ட் போர்க் எழுதிய நூல் அந்தக் கட்சியைப் பலமாக எதிர்த்தது. வாங்குகிறவர்களின் நலன் ஒன்றுதான் சட்டத்தின் குறி. சிறு கடைகளைக் காப்பாற்றுகிறேன் என்று விலையை ஏற்றி வைப்பது ஜனங்களுக்கே துரோகம் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பர்மாவில் செட்டியார்கள் குறைந்த வட்டிக்குக் கொடுக்க முடிந்தது அவர்கள் தொழில் விரிந்து பரந்திருந்ததனால்தான். பெரிதாயிருப்பது பாவமல்ல.

நம்முடைய 2002-ம் வருஷப் போட்டிச் சட்டம் இரண்டு கட்சிக்கும் நடுவே நடக்கப் பார்க்கிறது. பெரிதாயிருப்பதைக் குற்றமாக்காமல், பெருமையைக் கொண்டு பிறரை மிதிப்பதைக் குற்றமாக்குகிறது. போட்டிக்காரனை ஒழிக்கும் நோக்கத்தோடு, ஆதிக்கத்தில் இருப்பவன் அடக்க விலைக்கும் கீழே விற்றால் தண்டிக்கலாம். தூத்துக்குடி நியாயம் நூறு ஆண்டு கழித்து ஏட்டில் ஏறியிருக்கிறது. போட்டியாளர்கள் கூடி விலை பேசினால் தீங்கு என்றே அனுமானிக்கும். தீங்கில்லை என்று காட்டுகிற பொறுப்பு அவர்களுடையது. மொகல் தெருக் கூட்டத்தாரும் இன்றைக்கென்றால் வந்து பதில் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு அவர்களிடம் பதிலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2012-ல் சிமெண்டுக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையேற்றியதாகக் கண்டு, போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல் முறையீடுகள் பின்னர் வருஷக்கணக்கில் நடந்தன. சட்டத்தின் முகப்புரை வாங்குகிறவர்களின் நலனைச் சொல்வதோடு, சந்தையில் மற்றவர்களும் தொழில் செய்கிற சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாவது வாசகம் இருக்கும் வரையில், குமரப்பனுக்கும் வ.உ.சி.க்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனாலும் சட்டம் தடுக்கத்தான் முடியும். தடுத்துக் காலியான இடத்தில் தொழில் செய்ய ஆள் வேண்டுமே! இதையும் குன்றக்குடியே யோசித்திருக்கிறது. அவ்வூர் ஆதீனத்தின் தலைவராக விளங்கிய குன்றக்குடி அடிகளார், 1977-ல் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளைக் கிராமத்துக்கு அழைத்து வந்தார். கூட்டுறவுச் சங்கங்களையும் சிறு தொழில்களையும் ஊரிலேயே நிறுவினார். சிறியவன் தனியாக நின்றால் கப்பல்காரன் குடை கொடுத்தே அவனைக் கவிழ்த்துவிடுவான். பத்துச் சிறியவர்கள் சேர்ந்து நின்றால் கொஞ்சம் நிற்கலாம் என்பதே அதன் தத்துவம். ஆலைக்காரர்கள் கூடியதும் கூட்டுத்தான், இதுவும் கூட்டுத்தான். முன்னது பிறனை உள்ளே வரவொட்டாமல் கூடியது. பின்னது உள்ளே நுழைவதற்காகக் கூடியது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த நீதிபதியின் கையில் இந்தச் சட்டம் இருக்க வேண்டும்.

இன்றும் நம் வாசலுக்கு இலவசமாகவும், அடக்க விலைக்குக் குறைவாகவும் எத்தனையோ சாமான்கள் வருகின்றன. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடை கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஜாதிதான் நானும். ஆனால் குடையை வாங்கும்போது, துறைமுகத்தில் இன்னொரு கப்பல் நிற்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.